வான்கோழியை வெட்டிவிடுங்கள்

நவம்பர் பாதி தாண்டி, முழு வான்கோழி சுடும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கினால் போதும், ஹூஸ்டனில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டர்க்கி எப்படிப் பண்ணினா சக்கையா வராம இருக்கும்?" கீழே வரிசையாகப் பதில்கள் விழும். தயிரில் ஊறப்போடு, தோலுக்கடியில் வெண்ணெய் தடவு, பையில் போட்டு வேகவை, பேசாமல் கடையில் ஆர்டர் கொடுத்துவிடு, இதெல்லாம் எதுக்கு நாலு கோழி வாங்கி பிரியாணி போடு. கடைசிப் பதிலை நான் எதிர்க்கவே மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் கையை வைத்து வான்கோழிப் படம் வரைந்துகொண்டு வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது செல்லாது. அவர்களுக்கு முழுசாக ஒரு டர்க்கி மேஜைக்கு வந்தாக வேண்டும்.

நாளும் நமக்குத் தோதான நாள் இல்லை. அமெரிக்க காங்கிரஸ் 1941ல் இந்தப் பண்டிகையை நவம்பரின் நான்காம் வியாழன் என்று சட்டமாகவே நிறுத்திவிட்டது. நான்காம் வியாழன் எந்த வருஷமானாலும் 22க்கும் 28க்கும் நடுவில்தான் விழும், அதாவது தவறாமல் கார்த்திகை மாதத்துக்குள். மாலை போட்டவர்கள் ஒரு பக்கம், வியாழக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் இன்னொரு பக்கம், வெள்ளி யாருக்குமே ஆகாது. அதனால் எங்கள் வட்டத்தில் பல வீடுகளில் சனி, ஞாயிறுதான் டர்க்கி ஓவனுக்குள் போகும். ஊரே சாப்பிட்டு முடித்த பிறகு நாம் ஆரம்பிக்கிறோம் என்பதில் ஒரு லாபமும் இருக்கிறது, பனிக்கட்டி உருக இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வான்கோழியில் இரண்டு விதமான கறி இருக்கிறது, இரண்டுக்கும் வேக வேண்டிய சூடு வேறு. எல்லா அவஸ்தையும் இதிலிருந்துதான் வருகிறது. நெஞ்சுக்கறி வெள்ளை, கொழுப்பில்லாதது, ஃபாரன்ஹீட்டில் (இனி வரும் டிகிரி எல்லாம் அதுவே) 150 டிகிரி தாண்டியதும் சாறு கழலத் தொடங்கி 170ல் வாய்க்குள் மாவாகிவிடும். காலும் தொடையும் நேர்மாறு. நடந்து நடந்து உரமேறிய சதை, நடுவில் நரம்பும் சவ்வும். அந்தச் சவ்வு கரைந்து பிசுபிசுப்பாக மாற 175, 180 வரையாவது போகவேண்டும். முழுப் பறவையை ஓவனில் வைத்தால் மேலே துருத்திக்கொண்டிருக்கும் நெஞ்சுதான் முதலில் வேகும், கால்கள் கீழே நிழலில் கிடக்கும். தொடை வெந்துவிட்டதென்று நீங்கள் எடுக்கும்போது நெஞ்சு செத்திருக்கும். போதாததற்கு இன்று கடையில் கிடைப்பது கிட்டத்தட்ட முழுக்க அகன்ற நெஞ்சு வெள்ளை என்ற இனம், நெஞ்சு பெரிதாக வேண்டும் என்றே வளர்த்து வளர்த்து, இயற்கையாக இணைசேரக்கூட முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தப் பாகம் சீக்கிரம் கெடுமோ அதையே பெரிதாக்கி வைத்திருக்கிறோம்.

இதில் அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் 165 டிகிரி வேறு, நம் செல்சியஸ் கணக்கில் 74. அது தவறான எண் இல்லை. சால்மொனெல்லா என்ற கிருமி அந்தச் சூட்டில் உடனே சாகும் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக வைத்த எண் அது. 150ல் சில நிமிடம் தொடர்ந்து இருந்தாலும் அதே வேலை நடந்துவிடும். நான் நெஞ்சு 155 தொட்டதும் வெளியே எடுத்துவிடுவேன், மேஜையில் வைத்த பிறகும் உள்சூடு ஐந்து, பத்து டிகிரி ஏறிக்கொண்டுதான் போகும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் 165 வரைக்குமே விட்டுவிடுங்கள், உப்பு சரியாகப் போட்டிருந்தால் அப்போதும் சாப்பிடும்படிதான் இருக்கும். எதுவானாலும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். நெஞ்சில் குத்தி வைத்தே சில வான்கோழிகளை விற்கிறார்களே, வெந்ததும் துள்ளி எழும் அந்தப் பிளாஸ்டிக் குச்சி, அதை நம்பவேண்டாம். அது எழும்பும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

முதலில் பனி உருகவேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு. 15 பவுண்டுக்கு மூன்று, நாலு நாள். வியாழன் சமைப்பவர்கள் ஞாயிறே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிடவேண்டும். மறந்துபோனால் பச்சைத் தண்ணீரில் முக்கி வைத்து அரைமணிக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றவேண்டும், பவுண்டுக்கு அரைமணி. 15 பவுண்டுக்கு ஏழரை மணிநேரம் சிங்க்கிற்குக் காவல் நிற்பது.

அப்புறம் கழுவுவது. நம் ஆட்களுக்கு மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசாத கறி கறியே இல்லை. இங்கே விவசாயத் துறை கோழி, வான்கோழி எதையும் கழுவவே வேண்டாம் என்கிறது, கிருமி தண்ணீரில் தெறித்து சிங்க், மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்திருக்கும் சாலட் என்று எல்லா இடத்திலும் போய் உட்காரும், கழுவினாலும் கறியில் இருப்பது போகாது. ஓவனில் வைக்கும் பறவைக்கு ஈரம் எதிரியும்கூட. பேப்பர் டவலால் உள்ளும் வெளியும் ஒற்றி எடுத்தாலே போதும். ஊரிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கும் அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உப்புதான் இந்தச் சமையலின் பாதி. இருபது வருஷத்துக்கு முன்பெல்லாம் எல்லோரும் உப்புத் தண்ணீரில் முக்கி வைத்தார்கள். கேலனுக்கு ஒரு கப் உப்பு, பெரிய பக்கெட் அல்லது ஐஸ்பெட்டி, ராத்திரி முழுக்க ஊறல். உப்பு தசையின் புரதத்தைத் தளர்த்திவிடுவதால் வேகும்போது அது இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளாது. வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போவதில் பெரும்பங்கு வெறும் குழாய்த் தண்ணீர். கறி ஈரமாக இருக்கும், ருசி நீர்த்திருக்கும், தோல் எவ்வளவு நேரம் வைத்தாலும் மொறுமொறுப்பாகாது. 2006ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் ரஸ் பார்சன்ஸ் என்ற உணவு எழுத்தாளர் எழுதியதற்குப் பிறகு காற்று மாறியது. சான்பிரான்சிஸ்கோவின் ஸூனி கஃபே உணவகத்தில் சமையல்காரர் ஜூடி ராட்ஜர்ஸ் கோழிக்குச் செய்ததையே அவர் வான்கோழிக்குச் செய்தார். தண்ணீரே இல்லாமல் உப்பை மட்டும் தடவி இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைப்பது. முதலில் உப்பு சாற்றை வெளியே இழுக்கும், அந்தச் சாற்றிலேயே கரைந்து திரும்பக் கறிக்குள் போய்விடும்.

அளவு, ஐந்து பவுண்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி கோஷர் உப்பு, அதாவது இங்கே கிடைக்கும் பரல் பரலான உப்பு. இங்கே கவனம். டைமண்ட் கிரிஸ்டல் பெட்டியில் இருப்பது பொறுபொறுவென்ற லேசான உப்பு, மார்ட்டன் பெட்டியில் இருப்பது அதே கரண்டியில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு எடை நிற்கும், நம் பொடியுப்போ இரண்டு மடங்கு. பொடியுப்பு போடுபவர்கள் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் பார்க்கவேண்டும். உறைந்த வான்கோழிகளில் பலவற்றில் ஏற்கெனவே உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள், உறையின் மூலையில் பொடி எழுத்தில் 8 சதவீதம் கரைசல் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் நீங்களும் உப்பு போட்டு ஊறவைத்தால் கருவாடுதான்.

தடவுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. கழுத்துப் பக்கம் தோலுக்கும் கறிக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்தால் மெல்லிய சவ்வு ஒன்று தட்டுப்படும். கிழிக்காமல் விரலின் முதுகால் தள்ளிக்கொண்டே போனால் கை முழுவதும் உள்ளே போய்விடும், நடுநெஞ்சில் மட்டும் ஒட்டியிருக்கும், அதை நிதானமாக விடுவிக்கவேண்டும். உப்பில் முக்கால்வாசி அங்கே, கறியின் மேலேயே. மீதியில் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து தோலின் மேல் தூவுங்கள், அது தோலைக் காரத்தன்மையாக்கிச் சீக்கிரம் சிவக்கவைக்கும். மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் இரண்டாம் நாள் தோல் வெளிறி, உலர்ந்து, அடியிலிருக்கும் சதையின் நிறம் தெரியும் அளவுக்கு இறுகியிருக்கும். தொட்டால் அப்பளம் போலச் சரசரக்கும். அப்படி ஆனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் மசாலாவைப் பற்றி ஒரு வார்த்தை, கோபப்படாதீர்கள். இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், தயிர், கரம் மசாலா எல்லாம் போட்டு இரண்டு நாள் ஊறவைத்த தந்தூரி டர்க்கி படம் வருஷா வருஷம் வருகிறது. வெளியே செக்கச்செவேல் என்று இருக்கும், வெட்டினால் அரை அங்குலத்துக்கு உள்ளே ஆஸ்பத்திரிச் சாப்பாடு. உப்பு மட்டும்தான் கறிக்குள் ஆழமாக நகரும், மஞ்சளும் மிளகாயும் தயிரும் மேலோடு நின்றுவிடும். கத்தியால் கீறிவிடலாம் என்பார்கள், கீறின இடமெல்லாம் சாறு போகும் வழி. மசாலாவை வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கடியில் வையுங்கள், மீதியைக் கிரேவியில் போடுங்கள். ருசி தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருந்தால் போதும்.

இனி வேகவைக்கும் வழிகள். முழுசாக 325 டிகிரியில், பவுண்டுக்கு 13லிருந்து 15 நிமிடம், இது எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும் பழைய வழி. செய்யலாம். நெஞ்சின் மேல் அலுமினியத் தாள் போட்டு மூடி, கடைசியில் எடுத்துவிட்டால் தேவலாம். அரைமணிக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து சாற்றை மொண்டு ஊற்றுவது மட்டும் வேண்டாம், தோல் நனைகிறது, ஓவன் சூடு இறங்குகிறது, ஊற்றின சாறு ஒரு துளிகூட உள்ளே போவதில்லை. பையில் போட்டு வேகவைப்பது பயந்தவர்களுக்கு நல்ல வழி, ஈரம் போகாது, ஆனால் அது ஆவியில் வேகும் கறி, சுட்ட ருசி அவ்வளவாக இருக்காது. வயிற்றுக்குள் ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவையை அடைப்பதை நான் சேர்ப்பதே இல்லை. உள்ளே ரொட்டி 165 போவதற்குள் வெளியே நெஞ்சு எங்கேயோ போயிருக்கும். தனித் தட்டில் வைத்துச் சுட்டால் மேலே மொறுமொறுப்பும் வரும், சைவக்காரர்களுக்கும் ஆகும்.

ஓவனில்தான் என்றால் என் ஓட்டு முதுகெலும்பை வெட்டி எடுத்துத் தட்டையாக்கும் வழிக்கு. ஸ்பாட்ச்காக் என்பார்கள். பறவையைக் குப்புறப் போட்டு, வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கறிக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே போகவேண்டும். தொடை சேரும் இடத்தில் கத்தரி நின்றுவிடும், அங்கே எலும்பின் மேலே ஏறாமல் ஒரு விரல் வெளியே தள்ளினால் மூட்டு கிடைக்கும். எலும்பை எடுத்ததும் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பின் எடை முழுவதையும் போட்டால் "டக்" என்று ஒரு சத்தம், பறவை படுத்துவிடும். தட்டில் வெங்காயம், கேரட், செலரி பரப்பி (கொழுப்பு சொட்டிப் புகையாமல் இருக்க), மேலே கம்பித் தட்டில் இதை வைத்து 450 டிகிரி. 12, 14 பவுண்டு உருப்படி ஒன்றரை மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். கால்கள் இப்போது ஓரத்தில், சூடு நன்றாகப் படும் இடத்தில் கிடக்கின்றன, நெஞ்சு அவற்றோடு ஒரே மட்டத்தில். நெஞ்சு 155 வரும்போது தொடை தானாகவே 175 தொட்டிருக்கும். தோல் முழுவதும் மேல் பார்த்து இருப்பதால் ஒரு இடம்கூட வெளிறாது. 14 பவுண்டுக்கு மேல் வாங்காதீர்கள், தட்டில் அடங்காது. ஆள் கூட வருகிறார்கள் என்றால் சின்னதாக இரண்டு.

வெட்டி எடுத்த முதுகெலும்பு, பைக்குள் வைத்திருக்கும் கழுத்து, இரைப்பை எல்லாவற்றையும் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றி ஒன்றரை மணிநேரம் கொதிக்கவிட்டால் கிரேவிக்குச் சாறு தயார். தட்டில் இறங்கிய கொழுப்பில் மைதாவை வாசம் வரும்வரை வறுத்து அந்தச் சாற்றை ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்கவேண்டும். இடித்த மிளகும் நாலு கறிவேப்பிலையும் போட்டு இறக்கினால் மாலை இறக்காதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஈரலை அந்தச் சாற்றில் போடவேண்டாம், கசக்கும். சமைப்பவர் கூலியாக மிளகு போட்டுத் தனியாக வறுத்துக்கொள்ளலாம்.

பொரிப்பது லூசியானாக்காரர்கள் கொடுத்த கொடை, ஹூஸ்டன் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் இங்கேயும் தெருவுக்கு ஒரு வீட்டில் அண்டா ஏறும். கஜுன் வெண்ணெய் மசாலாவை ஊசியால் கறிக்குள் ஏற்றி, 350 டிகிரி கடலை எண்ணெயில், பவுண்டுக்கு மூன்றரை நிமிடம். முக்கால் மணிநேரத்தில் 12 பவுண்டு முடிந்தது. ருசியில் இதை அடிக்க ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன், இவ்வளவு சீக்கிரம் வேகும்போது நெஞ்சுக்குக் காய நேரமே இருக்காது. ஆனால் மூன்று நாலு கேலன் எண்ணெய், திறந்த தீ. உள்ளே ஒரு பிடி பனிக்கட்டி இருந்தாலும் அது ஆவியாகி ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் விரியும், எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீ ஆள் உயரத்துக்கு எழும். தீயணைப்புத் துறைகள் வருஷா வருஷம் இதைச் செய்தே காட்டுகிறார்கள். செய்தே தீருவேன் என்றால் முந்தின நாளே பறவையை அண்டாவில் வைத்துத் தண்ணீர் ஊற்றி எண்ணெய் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டை விட்டும் கராஜை விட்டும் தள்ளி வெட்டவெளியில் வையுங்கள், பறவையை இறக்கும்போது தீயை அணைத்துவிட்டு இறக்குங்கள், இறங்கிய பிறகு பற்றவையுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் செய்வதில்லை.

புகை போடுவது டெக்சஸ் சொத்து. பீக்கன், ஹிக்கரி, ஆப்பிள் மரக்கட்டை நல்லது, மெஸ்கீட் வான்கோழிக்கு அதிகம், கசந்துவிடும். 250, 275 டிகிரியில் மெதுவாக நாலைந்து மணிநேரம். ருசி பிரமாதம், தோல் ரப்பர். தோலைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் தாராளமாகச் செய்யலாம், மறுநாள் சாண்ட்விச்சுக்கு இதைவிட நல்ல கறி கிடையாது. டர்டக்கென் என்று வான்கோழிக்குள் வாத்து, வாத்துக்குள் கோழி அடைத்ததும் இங்கே கிடைக்கும். அமெரிக்கக் கால்பந்து வர்ணனையில் ஜான் மேடன் பேசிப் பேசி நாடு முழுக்கப் பிரபலமாக்கியது. ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

எனக்கு இதிலெல்லாம் நெருடுவது ஒன்று. இந்தப் பறவையை முதன்முதலாக வளர்த்துப் பழக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடி மக்கள். அவர்கள் வழிவந்தவர்கள் பண்டிகை வான்கோழியை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், புயெப்லாவில் துண்டு போட்டு வேகவைத்து, ஆஞ்சோ, முலாட்டோ, பாசில்யா என்று காய்ந்த மிளகாய்களை வறுத்து, எள், பருப்பு வகை, கொஞ்சம் சாக்லேட் சேர்த்து அரைத்த மோலே குழம்பில் போடுகிறார்கள். யூகடான் பக்கம் மிளகாயைக் கருகச் சுட்டு அரைத்துக் கறுப்புக் குழம்பு. இந்தக் குழம்புகளுக்கு முழுசாக மேஜையில் நிறுத்தி வைத்துக் கத்தியைத் தீட்டவேண்டியதில்லை. நெஞ்சும் காலும் ஒன்றாக வேகாது என்பது பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மிளகாய் கறிக்குள் போகாது, குழம்பில்தான் இருக்கவேண்டும் என்பதும்.

நம் ஊர்ப் பழக்கமும் அதுவேதான். அதனால் முழுப் பறவை வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆள் வீட்டில் இல்லையென்றால், வெட்டிவிடுங்கள். நெஞ்சை எலும்போடு அப்படியே ஒரு துண்டாக எடுத்து உப்புத் தடவி 300 டிகிரியில் நிதானமாகச் சுடுங்கள், 155ல் எடுங்கள். கால், தொடை, இறக்கையைத் தனியே குக்கருக்கு அனுப்புங்கள். கோழிக்கு வைக்கும் விசில் கணக்கு இதற்குப் போதாது, தொடைக்கு விசில் வந்த பிறகு சிறுதீயில் இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும். காலில் ஈர்க்குச்சி கனத்துக்கு நரம்புகள் இருக்கும், வெந்த பிறகு பிடித்து இழுத்தால் வந்துவிடும். அப்புறம் சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, காய்ந்த மிளகாய், தேங்காய் எண்ணெயில் சுருளச் சுருள வறுத்து எடுத்தால் வான்கோழி என்று சொன்னால்தான் தெரியும், நல்ல ஆட்டுக்கறிக்கும் சேவல் கறிக்கும் நடுவில் ஒரு ருசி.

இதில் ஒரு வேடிக்கை. 1930களில் அமெரிக்க விவசாயத் துறை மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வுப் பண்ணையில், சின்ன ஓவனுக்கும் சின்னக் குடும்பத்துக்கும் ஏற்றபடி ஒரு குட்டி வான்கோழியை உருவாக்கத் தொடங்கியது. பெல்ட்ஸ்வில் சின்ன வெள்ளை என்று பெயர். கொஞ்ச காலம் ஓஹோவென்று ஓடி, அகன்ற நெஞ்சுக்காரன் வந்ததும் இங்கே காணாமலே போய்விட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிட்ட நந்தனம் வான்கோழி 1 இருக்கிறதே, அது நாட்டுக் கறுப்பையும் இந்தப் பெல்ட்ஸ்வில் வெள்ளையையும் கலந்து எடுத்ததுதான். அமெரிக்கச் சமையலறைக்கு அளவெடுத்துச் செய்த பறவையின் ரத்தம் இன்று நம் ஊர்த் தோட்டங்களில் மேய்கிறது, நாம் ஹூஸ்டனில் 20 பவுண்டு பூதத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

மிச்சத்தை வெளியே இரண்டு மணிநேரத்துக்கு மேல் விடாதீர்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் மேஜையிலேயே கிடந்துவிடும். ஃப்ரிட்ஜில் மூன்று, நாலு நாள் தாங்கும். எலும்புக்கூட்டை உடைத்துக் குக்கரில் போட்டு மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு மஞ்சளோடு வேகவைத்தால் இரண்டு வேளைக்கு சூப். தொடைக்கறி மிச்சமிருந்தால் பிரியாணிக்கோ கொத்து பரோட்டாவுக்கோ தாராளமாகப் போடலாம், இரண்டாம் சூட்டுக்கு அது அசராது. நெஞ்சுக்கறியை மட்டும் திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். கையால் பிய்த்து, அடுப்பை அணைத்த பிறகு கொத்துக்குள் கொட்டிக் கிளறினால் அந்தச் சூடே அதற்குப் போதும்.